திரையோர வட்டத்தில் என் அக்கா

தலைவரின் வாழ்க்கை வரலாறு என்று எத்தனையோ புத்தகங்கள் வந்துவிட்டன. பேருந்தில் சீட்டுக் கிழித்தது, தொழிற்சங்கத்தில் சேர்ந்தது, சிறைக்குப் போனது, போக்குவரத்து அமைச்சர் ஆனது, கடைசியில் நாட்டுக்கே தலைமை ஏற்றது என எல்லாவற்றையும் அட்டையில் அவர் சிரிப்போடு அச்சடித்து அடுக்கி வைத்திருக்கிறார்கள். அதில் ஒன்றிலாவது என் அக்கா இருக்கிறாளா என்று ஒவ்வொன்றாகப் புரட்டிப் பார்த்தேன். இல்லை. பத்து வருடத்துக்கு மேல், அந்த ஆள் வாயைத் திறந்தபோதெல்லாம் கூடவே கையை அசைத்தவள் அவள். ஒரே ஒரு படத்தில் அவர் தோளுக்குப் பக்கத்தில் யாரோ ஒருத்தியின் முழங்கை தெரிகிறது. அது அக்காவின் முழங்கைதான், அந்தச் சட்டையை எனக்குத் தெரியும். சரி, அவர்கள் எழுதாவிட்டால் போகட்டும், நான் எழுதிவிட்டுப் போகிறேன்.

எங்கள் அப்பா, அம்மா இரண்டு பேருக்கும் பிறவியிலேயே காது கேட்காது. எனக்கும் அக்காவுக்கும் நன்றாகக் கேட்கும். அப்பா அச்சகத்தில் வேலை பார்த்தார். அந்த இயந்திரங்களின் இரைச்சலில் மற்றவர்கள் தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும்போது அவர் மட்டும் நிம்மதியாக வேலை செய்வார். அம்மா, காது கேளாதோர் பள்ளியில் ஐந்து வயதில் மாணவியாகச் சேர்ந்து, படித்து முடித்து, அங்கேயே விடுதிக் காப்பாளர் ஆனவர். பள்ளியின் பின்பக்கத்தில் எங்களுக்கு இரண்டு அறைகள் கொடுத்திருந்தார்கள். ஓர் அறையிலிருந்து இன்னோர் அறையில் இருப்பவரைக் கூப்பிட விளக்கை அணைத்து அணைத்துப் போடுவோம். எங்கள் வீட்டில் யாருக்காவது கோபம் வந்தால் கத்தத் தேவையில்லை. முகத்தைத் திருப்பிக்கொண்டால் போதும், பேச்சு அத்தோடு முடிந்தது. பார்க்க மாட்டேன் என்றால் கேட்க மாட்டேன் என்று அர்த்தம்.

அக்கா சின்னப் பெண்ணாக இருந்தபோதே வீட்டுக்கு வாயும் காதும் அவள்தான். டாக்டர் சொல்வதை அப்பாவுக்கும், அப்பா டாக்டரைத் திட்டுவதை டாக்டருக்கும் மாற்றி மாற்றிச் சொல்வாள். ஒரு முறை வீட்டுக்கு வந்த மளிகைக் கடைக்காரரை அப்பா கண்டபடி திட்ட, அவள் பயந்துபோய் அதைப் பாதியாகக் குறைத்துப் பணிவாகச் சொல்லிவிட்டாள். கடைக்காரர் சிரித்துக்கொண்டே போனதைப் பார்த்து அம்மாவுக்குச் சந்தேகம் வந்துவிட்டது. அன்றைக்கு அக்காவுக்கு விழுந்த திட்டு எனக்கு இன்னும் நினைவிருக்கிறது. (அம்மா கையால் சொன்னதையெல்லாம் நான் இங்கே வாயால் சொன்னதுபோல எழுதுகிறேன். வேறு வழி தெரியவில்லை.)

"நடுவுல நிக்கிறவ எதையும் சேக்கக் கூடாது, எதையும் குறைக்கவும் கூடாது. அவரு திட்டினா நீயும் திட்டு. புரியுதா?"

இந்த வேலையில் இன்னொரு வழக்கமும் உண்டு. டாக்டர் "நான் ஊசி போடுறேன்" என்றால், அக்கா "டாக்டர் ஊசி போடப் போறாராம்" என்று சொல்ல மாட்டாள். தன் நெஞ்சில் கையை வைத்து, நான் போடுகிறேன் என்றே காட்டுவாள். பேசுபவர் யாரோ, அந்த நேரத்துக்கு அவள் அவராகிவிட வேண்டும். உலகம் முழுக்க இந்தத் தொழிலைச் செய்கிறவர்கள் இப்படித்தான் செய்கிறார்கள். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. அது எங்கே கொண்டுபோய் விட்டது என்று சொல்கிறேன்.

தலைவர் முதன்முதலில் எங்கள் கண்ணில் பட்டது பள்ளி ஆண்டுவிழாவில். அப்போது அவர் சங்கத்தின் செயலாளர் மட்டும்தான். சட்டைக் காலர் நைந்திருந்தது. மேடையில் நின்று மணிக்கட்டைத் தட்டித் தட்டி, "நேரம் வந்துவிட்டது, நமக்கான நேரம் வந்துவிட்டது" என்று முழங்கினார். அக்கா பக்கத்தில் நின்று கையால் சொன்னாள். அன்றே பிள்ளைகள் அவருக்குப் பெயர் வைத்துவிட்டார்கள். காது கேளாதவர்களிடையே ஒவ்வொருவருக்கும் ஒரு சைகைதான் பெயர். அவருக்கு, இரண்டு விரலால் மணிக்கட்டைத் தட்டுவது. இறங்கும்போது அக்காவிடம், "நான் பேசினதவிட நீ பேசினதுக்குத்தான்மா கைதட்டு அதிகம்" என்றார். அங்கே யாரும் கைதட்டவில்லை, கையை உயர்த்தி ஆட்டினார்கள். ஆனாலும் மனிதர் அன்றைக்கு நல்லவராகத்தான் தெரிந்தார். அதை நான் மறைக்கவில்லை.

பிறகு அவர் ஏறிய படியெல்லாம் அக்காவும் ஏறினாள். அவர் அமைச்சரானதும் தன் கூட்டங்களுக்கு இவளைத்தான் கூப்பிட்டார். அரசுத் தொலைக்காட்சி, திரையின் கீழ் மூலையில் ஒரு சின்ன வட்டம் போட்டு அவளை அதற்குள் நிறுத்தியது. அதே நேரத்தில் அவருடைய கொள்கைகளும் ஒரு மாதிரி மாறிக்கொண்டே வந்தன. சீட்டுக் கிழித்த மனிதர் பேருந்துகளைத் தனியாருக்குத் தூக்கிக் கொடுத்தார். அதற்குப் பெயர் மறுசீரமைப்பு. சங்கங்களுக்கு வாய்ப்பூட்டு போட்டார். அதற்குப் பெயர் தொழில் அமைதி.

அக்காவுக்கு உரையின் நகல் முன்கூட்டியே வரும். அதை வைத்துக்கொண்டு மண்டையை உடைத்துக்கொள்வாள். ஏனென்றால் எங்கள் கை மொழியில் வழவழா கொழகொழா கதையெல்லாம் எடுபடாது. யார் யாருக்கு என்ன செய்தார் என்று காட்டியாக வேண்டும். நான் குளிர்பதனப் பெட்டி பழுது பார்க்கிறவன். வேலை முடிந்து வந்து உட்கார்ந்தால் என்னைப் பிடித்துக்கொள்வாள்.

"டேய், இந்த வரியில யாரு என்ன பண்றாங்கன்னு சொல்லு பாப்போம்."

"'பயன்பாட்டுத் திறன் சார்ந்த மாற்றங்கள் முன்னெடுக்கப்படும்'... யாரும் ஒண்ணும் பண்ணலக்கா. தானா நடக்குதாம்."

"தானா எப்படிடா நடக்கும்? நான் கையை யார் பக்கம் காட்டுறது?"

"உன் பக்கமே காட்டிக்கோ" என்று நான் விளையாட்டாகச் சொன்னேன். அவள் தலையணையை எடுத்து என் மேல் வீசினாள்.

தேர்தல் வந்தது. அப்பா அதற்குள் இறந்துவிட்டார். எங்கள் பள்ளி போன்ற சிறப்புப் பள்ளிகளையெல்லாம் மூடப் போகிறார்கள் என்று ஒரு வதந்தி அப்போதே இருந்தது. அம்மா சாப்பாட்டைத் தொடாமல் உட்கார்ந்திருப்பார். அந்தப் பள்ளிதான் அவருக்குப் பிறந்த வீடு, புகுந்த வீடு எல்லாம். அந்தச் சமயத்தில் தலைவர் தொலைக்காட்சியில் தோன்றி ஒவ்வொரு தரப்பு மக்களுக்கும் வாக்குறுதி கொடுத்தார். கடைசியில் எங்கள் முறை வந்தது.

"நான் இருக்கும்வரை, ஒரு சிறப்புப் பள்ளியின் கதவுகூட மூடப்படாது. இது என் வாக்கு."

அக்கா நெஞ்சில் கையை வைத்தாள். நான் இருக்கும்வரை, என்றாள். ஒரு கதவு திறந்து நிற்பதைக் காட்டினாள். அதன் குறுக்கே தன் உடம்பையே நிறுத்துவதுபோல நின்றாள். சத்தியம் செய்தாள். அவர் அதைக் காகிதத்தைப் பார்த்துக் கடகடவென்று வாசித்துவிட்டுத் தண்ணீர் குடித்தார். அக்காவின் கண் கலங்கியிருந்தது. அவள் அதை நம்பினாள், அவ்வளவுதான் விஷயம்.

அடுத்த நாள் காது கேளாதவர்களின் போனில் எல்லாம் அந்தக் காட்சி. ஆனால் அவர்கள் ஒரு காரியம் செய்திருந்தார்கள். தலைவர் வாயசைப்பதை வைத்து அவர்களுக்கு என்ன ஆகப் போகிறது? மூலையில் இருந்த வட்டத்தை மட்டும் வெட்டி எடுத்துப் பெரிதாக்கி அனுப்பிக்கொண்டார்கள். அதில் தலைவர் இல்லை, கொடி இல்லை, மேஜை இல்லை. என் அக்கா மட்டும்தான் இருந்தாள். ஊர் ஊராக மக்கள் அதைப் பார்த்து மணிக்கட்டைத் தட்டி, இவருக்கே ஓட்டு என்றார்கள். அம்மா அன்றைக்கு இரண்டு தட்டுச் சாப்பிட்டார்.

அவர் ஜெயித்தார். இரண்டாவது வருடமே 'அனைவருக்கும் ஒரே வகுப்பறை' என்று ஒரு திட்டம் கொண்டுவந்தார். பெயரைக் கேட்டால் யாருக்கும் கண்ணீர் வரும். காது கேளாத பிள்ளைகளை ஒதுக்கி வைக்கக் கூடாதாம், எல்லாப் பிள்ளைகளோடும் சேர்ந்து பக்கத்துப் பள்ளியில் படிக்க வேண்டுமாம். பக்கத்துப் பள்ளியில் கை மொழி தெரிந்த ஒரு ஆசிரியராவது இருக்கிறாரா? கிடையாது. போடுவார்களா? அதைப் பற்றிப் பேச்சே இல்லை. எங்கள் பள்ளியின் விடுதிக் கட்டில்களை லாரியில் ஏற்றினார்கள். அம்மாவின் அறைச் சாவியை வாங்கிக்கொண்டார்கள். கட்டடத்துக்கு வெள்ளையடித்து, 'திறன் மையம்' என்று பெயர்ப்பலகை மாட்டி, வாசலில் தலைவரின் படத்தை ஆளுயரத்துக்கு வைத்தார்கள்.

அம்மா என்னோடும் அக்காவோடும் எங்கள் வாடகை வீட்டுக்கு வந்தார். மறுவாரமே, அழைப்பு மணிக்குப் பதிலாக வைத்திருந்த விளக்கு மினுக் மினுக்கென்று எரிந்தது. காது கேளாத ஒரு தையல்காரர், அம்மாவோடு பள்ளியில் படித்தவர், மகளைக் கூட்டிக்கொண்டு வந்திருந்தார். அந்தப் பெண்ணுக்கும் காது கேட்காது. நன்றாகப் படிக்கிற பிள்ளை, கணக்கில் புலி. புதுப் பள்ளியில் கடைசி பெஞ்சில் உட்காரவைத்து, தொந்தரவு செய்யாமல் இருக்கட்டும் என்று வண்ணம் தீட்டும் புத்தகத்தைக் கையில் கொடுத்திருக்கிறார்கள். பதின்மூன்று வயதுப் பெண்ணுக்கு வாத்துக்கு வண்ணம் அடிக்கிற வேலை!

தையல்காரர் போனை எடுத்து அக்காவின் முகத்துக்கு நேராக நீட்டினார். அந்த வட்டம்.

"நீதானேம்மா சொன்னே?"

"நான் சொல்லலண்ணா. அவர் சொன்னார். நான் மாத்திச் சொன்னேன், அவ்வளவுதான்."

"இதுல அவர் எங்க இருக்காரு? காட்டு. உன் நெஞ்சுலதானே கைய வெச்சே?"

அக்கா வழக்கத்தை விளக்கினாள். அவருக்கு அதெல்லாம் தெரியாமலா இருக்கும்? பிறந்ததிலிருந்து மொழிபெயர்ப்பாளர்களோடு வாழ்கிறவர். தலையை ஆட்டிக்கொண்டே கேட்டார். கேட்டு முடித்துவிட்டு, "சரிம்மா. அப்ப யார்கிட்ட போய்க் கேக்கட்டும்?" என்றார்.

அவரோடு நின்றிருந்தால் பரவாயில்லை. அதன் பிறகு வந்துகொண்டே இருந்தார்கள். எல்லார் போனிலும் அதே வட்டம். கடைத்தெருவில் ஒரு கிழவர் அக்காவைப் பார்த்து முகத்தைத் திருப்பிக்கொண்டார். திட்டம் போட்டவன் காரில் போகிறான், கையெழுத்துப் போட்டவன் வெளிநாடு போகிறான், கையை ஆட்டியவள் தெருவில் தலைகுனிந்து நடக்கிறாள். இது எந்த ஊர் நியாயம்?

இதில் அக்காவை உடைத்தது அம்மாதான். ஒரு நாள் சாப்பிட உட்கார்ந்தபோது அக்கா, "அம்மா, உனக்குமா என் மேல கோபம்? எதையும் சேக்காதே, குறைக்காதேன்னு நீதானே சொல்லிக்குடுத்தே?" என்று கேட்டாள்.

அம்மா சோற்றுக் கையைக் கழுவிவிட்டு வந்து சொன்னார். "உன் வேலை எனக்குத் தெரியும். நீ பொய் சொன்னேன்னு நான் சொல்லல. ஆனா அவன்கிட்ட போய்க் கேக்க எனக்கு வாயில்ல, எனக்குப் பதில் சொல்ல அவனுக்குக் கையில்ல. ரெண்டும் இருக்கிறவ நீ ஒருத்திதான். அவன் பக்கத்துல நிக்கிறே. ஒரு தடவையாவது எங்களுக்காக அவனைக் கேட்டியா?"

"கேக்கக் கூடாதும்மா. நடுவுல நிக்கிறவ..."

அம்மா அதை முடிக்கவிடவில்லை. முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார். அக்கா சுற்றிப் போய் எதிரில் நின்றாள். அம்மா கண்ணை மூடிக்கொண்டார். அன்றிலிருந்து அக்காவைப் பார்ப்பதே இல்லை. அவள் போட்ட சாப்பாட்டைச் சாப்பிட்டார், அவள் துவைத்த துணியை உடுத்தினார், கண்ணை மட்டும் கொடுக்கவில்லை. ஒரே வீட்டில் இருந்துகொண்டு பெற்ற தாயிடம் ஒரு வார்த்தை சொல்ல முடியாமல் அக்கா அலைந்ததைப் பார்க்க எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. அம்மா மேல் அல்ல. எல்லாம் அந்தப் படத்தில் இளித்துக்கொண்டிருக்கிற மனிதர் மேல்தான்.

ஆட்சியின் மூன்றாம் ஆண்டு நிறைவுக்குத் தலைவர் நேரலையில் பேசுவதாக இருந்தது. அன்று நான் அக்காவை நிலையத்தில் கொண்டுபோய் விட்டேன். ஒளிப்பதிவுக் கூடத்துக்கு வெளியே, ஒப்பனை அறை வாசலில், எங்களை நிற்கச் சொன்னார்கள். தலைவர் கழுத்தில் துண்டைச் சுற்றிக்கொண்டு பவுடரோடு வெளியே வந்தார். அக்கா ஓர் அடி முன்னால் வைத்தாள். இத்தனை வருடத்தில் அவரிடம் அவளாகப் பேசியது அதுதான் முதல் தடவை.

"ஐயா, ஒரே ஒரு கேள்வி. காது கேளாதோர் பள்ளிய மூட மாட்டோம்னு சொன்னீங்களே?"

"அட, நம்ம பொண்ணு!" என்றார் அவர், வாயெல்லாம் பல்லாக. பிறகு பக்கத்தில் இருந்த செயலாளரிடம், "இவங்களாலதான்யா என் பேச்சுக்குக் கை முளைச்சுது" என்று சொல்லிவிட்டுத் தன் நகைச்சுவைக்குத் தானே சிரித்துக்கொண்டே கூடத்துக்குள் போய்விட்டார். கேள்வி அங்கேயே நின்றது.

செயலாளர் அக்காவைத் தனியாக ஒதுக்கினார். "மேடம், மூடல. ஒருங்கிணைச்சிருக்கோம். ரெண்டும் வேற வேற. நீங்க படிச்சவங்க, உங்களுக்குத் தெரியாதா?"

"கதவு பூட்டியிருக்கு சார். நான் போய்ப் பாத்தேன்."

"அது நிர்வாக விஷயம். நீங்க உங்க வேலையப் பாருங்க, லைவ்க்கு நேரமாச்சு."

வேலையைப் பார்க்கச் சொன்னார் அல்லவா, அக்கா போய்ப் பார்த்தாள். நான் வெளியே வரவேற்பறையில், சுவரில் மாட்டியிருந்த டிவிக்கு முன்னால் உட்கார்ந்தேன். தலைவர் தொண்டையைச் செருமிக்கொண்டு ஆரம்பித்தார்.

"நான் கொடுத்த ஒவ்வொரு வாக்கையும் நான் காப்பாற்றியிருக்கிறேன்."

அக்காவின் கை உயர்ந்தது. நெஞ்சுக்குப் போகும் வழியில் நின்றது. பிறகு நெஞ்சைத் தொடாமலே பக்கவாட்டில் நீண்டு, திரையில் தலைவர் இருக்கும் பக்கம் விரலைக் காட்டியது. இவர். இவர் கொடுத்த வாக்கை இவர் காப்பாற்றினாராம்.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. எழுந்து நின்றுவிட்டேன். அவள் ஒரு வார்த்தை கூட்டவில்லை, ஒரு வார்த்தை குறைக்கவில்லை. அம்மா சொல்லிக்கொடுத்த விதியை அந்த நேரத்திலும் அவள் மீறவில்லை. சொன்னது யார் என்பதை மட்டும் காட்டினாள். ஆனால் அந்த மனிதர் பேச்சில் 'நான்' இல்லாத வாக்கியத்தை எங்கே போய்த் தேடுவது? நான் திறந்தேன், நான் தந்தேன், நான் உறங்கவில்லை, நான் உங்கள் வீட்டுப் பிள்ளை. ஒவ்வொன்றுக்கும் அக்காவின் விரல் அவரை நோக்கி நீண்டது. "ஒரு சிறப்புப் பள்ளியும் மூடப்படவில்லை" என்று அவர் சொன்னபோது நீண்ட விரலை அவள் மடக்க நேரம் எடுத்துக்கொண்டாள். நாடே பார்க்கிற திரையில், பேச்சு முடியும்வரை, மூலையிலிருந்து ஒரு பெண் நாட்டின் தலைவரை விரல் நீட்டிக் காட்டிக்கொண்டே இருந்தாள். கூடத்தில் இருந்த ஒரு காது கேட்கிறவருக்கும் அது உறைக்கவில்லை. வெளியே வந்தபோது நிகழ்ச்சிப் பொறுப்பாளர், "இன்னிக்கு ரொம்ப உணர்ச்சியா இருந்துதுங்க" என்று கைகுலுக்கினார்.

நாங்கள் வீடு போய்ச் சேர்ந்தபோது அம்மா வாசலில் நின்றிருந்தார். வீட்டில் டிவி ஓடிக்கொண்டிருந்தது. அக்காவை நேராகப் பார்த்தார். எத்தனை மாதம் கழித்து! அக்கா கையைத் தூக்கி ஏதோ சொல்ல ஆரம்பித்தாள். அம்மா அந்த இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார். பிறகு விட்டுவிட்டு, "பேசினது போதும், உள்ள வா, சாப்பிடு" என்றார்.

அந்தக் காட்சியும் போன் போனாகப் பரவியது. இந்தத் தடவை யாரும் வட்டத்தை மட்டும் வெட்டவில்லை. முழுத் திரையையும் வைத்துத்தான் அனுப்பினார்கள். அடுத்த நாள் காலையிலேயே யாரோ கை மொழி தெரிந்த புண்ணியவான் தலைவரின் அலுவலகத்துக்கு விளக்கம் சொல்லிவிட்டான் போலிருக்கிறது. மதியத்துக்குள் அக்காவின் வேலை போய்விட்டது. காரணம் கேட்டதற்கு, 'தொழில் ஒழுங்கை மீறிய உடல்மொழி' என்றார்கள். ஒழுங்கைப் பற்றி யார் பேசுவது என்று ஒரு அளவே இல்லாமல் போய்விட்டது.

அடுத்த உரைக்கு அந்த வட்டத்தில் ஒரு புதுப் பெண். பட்டுப்போன்ற முடி, அழகான சிரிப்பு. எங்கள் முன்னறையில் தையல்காரரும் அவர் மகளும் இன்னும் நாலைந்து பேரும் பார்க்க வந்திருந்தார்கள். தலைவர் ஏதோ ஓய்வூதியத் திட்டத்தை அறிவித்தார். அந்தப் பெண் கையை மேலே தூக்கினாள், கீழே இறக்கினாள், பூப் பறிப்பதுபோல விரலை ஆட்டினாள், காற்றில் மாவு பிசைந்தாள். அதில் ஒரு சைகைகூட எந்த மொழியிலும் இல்லை. எல்லாரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

அம்மா அக்காவின் தோளைத் தட்டினார். "என்ன சொல்றா இவ?"

"ஒண்ணுமே சொல்லலம்மா. சும்மா கைய ஆட்டுறா."

"அப்ப அந்த டிவியில பொய் சொல்லாதவ அவ ஒருத்திதான்" என்றார் அம்மா. அறையில் இருந்த அத்தனை பேரும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். அக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தாள்.

என்னால் சிரிக்க முடியவில்லை. அன்றைக்கு அவர் என்ன அறிவித்தார், யாருக்கு எவ்வளவு, எங்கே போய்க் கேட்க வேண்டும் என்று எங்கள் முன்னறையைத் தாண்டி இந்த நாட்டில் காது கேளாத ஒருவருக்கும் தெரியாது. அந்தப் பெண் இன்றைக்கும் ஒவ்வொரு உரைக்கும் வந்து காற்றில் மாவு பிசைகிறாள், எவ்வளவு நளினம் என்று பத்திரிகையில் பாராட்டி எழுதுகிறார்கள். என் அக்காவின் ஒற்றை விரலை ஒரே நாளில் கண்டுபிடித்த தலைவரின் அலுவலகம், இதை இன்னும் கண்டுபிடிக்கவில்லை.